மூடிக் கிடந்த கழிமுகத்தில் விட்ட மீன்கள்

சால்மன் குஞ்சு பொரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், மெல்பேர்னில் நாங்கள் இருக்கிற நோபல் பார்க்கில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது "அப்ப மலிவா மீன் எடுக்கலாமோ?" என்பதுதான். எடுக்க முடியாது. நாங்கள் வளர்ப்பவை விற்பனைக்கானவை அல்ல. மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் பொரிப்பகத்தில் முட்டையிலிருந்து பொரிக்க வைத்து, ஒரு சாண் அளவுக்கு வளர்த்து, உடல் வெள்ளியாக மினுங்கத் தொடங்கியதும் லொறியில் ஏற்றுவோம். மெல்பேர்னுக்கு மேற்கே ஓர் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் கொண்டுபோய் விடுவோம். அந்த வெள்ளி நிறம், மீன் உப்புத்தண்ணீருக்குத் தயாராகிவிட்டது என்பதன் அடையாளம். அங்கிருந்து அவை கடலுக்குப் போய்ப் பெரிதாக வளர வேண்டும். கரையோரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஏற்பாடு அதுதான்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் எடுத்தவள் நான். இங்கே அந்தப் பட்டத்தை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. தொட்டி கழுவத்தான் முதலில் சேர்ந்தேன். பிறகு தீனி போடும் வேலை. அதன் பிறகு கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து, மீன் லொறி ஓட்டுவதும் என் பொறுப்பாயிற்று. ஏழு வருடமாக ஒவ்வொரு முறையும் அந்த மீன்களைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோனவள் நான்தான்.

போகும்போதெல்லாம் ஒரு வெப்பமானியும் கொண்டுபோவேன். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. லொறித் தொட்டித் தண்ணீரின் வெப்பத்தையும் ஆற்றுத் தண்ணீரின் வெப்பத்தையும் மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதி வைப்பேன். முதல் வருடம் தொட்டியில் பதினொரு பாகை, ஆற்றில் பதினாறு. அந்த வித்தியாசமே சால்மனுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அது குளிர்நீர் மீன். தண்ணீர் சூடாகச் சூடாக அதன் உடலுக்கு அதிகக் காற்று தேவைப்படும். சூடான தண்ணீரிலோ கரைந்திருக்கிற ஒட்சிசன் குறைவு. இரண்டும் ஒன்று சேர்ந்தால் மீன் மூச்சுத் திணறும். அடுத்தடுத்த வருடங்களில் ஆற்றுத் தண்ணீரின் எண் ஏறிக்கொண்டே போனது. கடல் முன்னைய மாதிரி இல்லை, கோடை முந்தி வந்துவிடுகிறது என்று தூண்டில்காரர்களும் சொன்னார்கள். எங்கள் நாள் மட்டும் மாறவில்லை. இங்கே கோடை மாதமான டிசம்பரில், பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை. அன்றுதான் பிள்ளைகள் வருவார்கள், கூடாரம் போடலாம், சொசேஜ் சுடலாம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு வாளி மீனைக் கவிழ்ப்பதைப் படம் எடுக்கலாம். அந்தப் படத்துக்காக, ஓகஸ்டிலேயே வெள்ளியாகிவிட்ட மீன்களை மேலும் நாலு மாதம் தொட்டியில் நெருக்கி வைத்திருந்தோம்.

மூன்றாம் வருடமே முகாமையாளரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டார். "நல்ல விஷயம் சொன்னாய். அதை மனதில் வைத்துக்கொள்வோம்" என்றார் ஆங்கிலத்தில். நாலாம் வருடமும் அதே வசனம். ஐந்தாம் வருடம் நான் சொல்லத் தொடங்கும்போதே சிரித்துத் தலையாட்டினார். அந்த மரியாதைதான் எனக்கு மிகவும் கோபமூட்டியது. என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

போன வருட முன்கோடையில் மழையே இல்லை. மீன் விடுவதற்கு மூன்று வாரம் இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு கழிமுகத்தைப் பார்க்கப் போனேன். மகளுக்குப் பதினான்கு வயது. கடற்கரை என்று சொல்லித்தான் அவளைக் காரில் ஏற்றினேன். போய் இறங்கியபோது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு படுத்திருந்தது. அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். ஆறு கடலோடு சேரவில்லை. மழை குறைந்தால் அந்தக் கரையில் அப்படி ஆவது உண்டு. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று.

அந்த மணல்மேட்டில் ஒருவர் மடக்குக் கதிரை போட்டு, கடல் பக்கமாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பி, "தமிழா நீங்க?" என்றார். மலேசியத் தமிழர். மாணவராக வந்து, மெல்பேர்னில் பொறியியலாளராக இருந்து, ஓய்வு பெற்றதும் மனைவியோடு அந்தச் சிறிய ஊருக்கே குடிவந்துவிட்டாராம். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கினோம்.

"இது எப்ப மூடினது, அங்கிள்?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் ஆச்சும்மா. மண்ணு நல்லா அடைச்சிகிச்சு. தண்ணி நாத்தம் அடிக்குது, பாருங்க. இதுலயா மீன் விடப் போறாங்க? போன வருஷமே செத்துக் கெடந்துச்சு, நான் பாத்தேன்."

"போன வருஷமோ? பொரிப்பகத்தில எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"உங்க பொரிப்பகத்துக்கே நான் போன் பண்ணினேனே! நன்றின்னு சொல்லி வச்சிட்டாங்க லா."

அவர் சொன்ன அந்த முந்திய வருட மீன்களையும் நான்தான் கொண்டுபோயிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, அவை நீந்திப் போனதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, லொறியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தேன். அடுத்த நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அங்கிளிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

அன்றே முகாமையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மணல்மேட்டின் படம், ஏழு வருட எண்கள் எல்லாவற்றையும் இணைத்தேன். செய்யக்கூடியவற்றையும் எழுதினேன். ஆறு கடலோடு சேராதபோது விடக்கூடாது. இனிமேல் குளிர்காலம் முடியும் தறுவாயில், மீன் வெள்ளியானவுடனேயே விட வேண்டும். லொறித் தொட்டிக்குள் ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மீனைப் பழக்க வேண்டும். சில நாள் வலைக்கூட்டில் வைத்துப் பார்த்து, கடல் நீர்மட்டம் இறங்கி, ஆற்று நீரைக் கடலுக்கு இழுக்கிற வற்று நேரத்தில் திறந்துவிட வேண்டும். இவை ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. மீன் வளர்க்கிற உலகத்தில் தெரிந்த விஷயங்கள்தான்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவர் அதை எடுத்தார். "அழைப்பிதழ் போய்விட்டது. உறுப்பினரின் அலுவலகம் நேரத்தை ஒதுக்கிவிட்டது. இப்போது மாற்ற முடியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவள் இந்த மீன்களுக்கு அம்மா மாதிரி. மீன்கள் நாம் நினைப்பதைவிடப் பலசாலிகள்."

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பட்டம் பெற்றவள் எண்களைக் காட்டினால் அது தாய்ப்பாசம் ஆகிவிடுகிறது. அதையே ஓர் ஆண், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னால் அறிவியல். "இது பாசமில்லை, வெப்பநிலை" என்று மட்டும் சொன்னேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை வடக்குக் காற்று அனலாக அடித்தது. நான் விடியவே மீனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கணவரும் மகளும் பின்னால் காரில் வந்தார்கள். கரையில் வெள்ளைக் கூடாரம், ஊதிய பலூன், வரிசையில் வாளியோடு பிள்ளைகள். மணல்மேடு அப்படியே கிடந்தது. தொட்டியில் பன்னிரண்டு பாகை. ஆற்றில் இருபத்துமூன்று.

முகாமையாளரைத் தனியே கூப்பிட்டு எண்ணைக் காட்டினேன். "எனக்கு இரண்டு மணி நேரம் தாருங்கள். ஆற்றுத் தண்ணீரை மெதுவாகக் கலக்கிறேன். அதுவும் போதாது, ஆனால் இப்படியே கொட்டுவதைவிடப் பரவாயில்லை."

"பேச்சு முடிய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் முடிந்ததைச் செய்" என்றார்.

இருபது நிமிடம் பம்பை ஓட்டினேன். பேச்சு முடிந்துவிட்டது. எல்லோரும் லொறிப் பக்கம் திரும்பினார்கள். அவர் கையைக் காட்டினார். நான் தொட்டிக் குழாயின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். லொறித் திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். எதிரே இருநூறு பேர் இருந்தார்கள், என் மகளும் இருந்தாள், வீட்டுக்கடன் இருந்தது. திறந்தேன். வேறு யாரும் இல்லை, நானே திறந்தேன். ஒரு வருடம் வளர்த்த மீன்கள் அந்தக் குழாய் வழியாகப் பாய்ந்து போயின. கைதட்டல் கேட்டது.

மகள் தன் வாளியோடு தண்ணீரோரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். "அம்மா, தே ஆர் நொட் ஓகே. மேல வந்து வாயத் திறக்குதுகள். வை டிட் யூ டூ இட்?"

"பிறகு சொல்லுறன்" என்றேன்.

மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அங்கிளின் அழைப்பு வந்தது. "வாங்கம்மா, வந்து பாருங்க. கரையெல்லாம் வெள்ளையா கெடக்கு. என் வீட்டுக்காரம்மா பாத்துட்டு அழுவுறா."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். "இண்டைக்கு லீவு நாள். நீர் போய் என்னப்பா செய்யப்போறீர்?"

"எண்ணப்போறன்" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் கார்த் திறப்பை எடுத்தார். "ஐஸ் பெட்டியையும் எடும். நான் ஓட்டுறன்."

நாணல் ஓரமெல்லாம் மீன்கள். சில வயிறு மேலாக, சில பக்கவாட்டில், சில இன்னும் துடித்தபடி. கூழைக்கடாப் பறவைகள் நீந்திக்கொண்டே அள்ளின. மூவருமாகக் கரையை அளந்து பிரித்துக்கொண்டு எண்ணினோம். அங்கிள் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். கணவர் பஸ் ஓட்டுகிறவர், மீனைத் தொடப் பிடிக்காதவர். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, "இஞ்ச இன்னும் இருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வேலைத்தலத்து ஒட்சிசன் அளவுகருவியைக் கொண்டுவந்திருந்தேன். அடித்தண்ணீரில் ஒட்சிசன் இல்லவே இல்லை என்று சொல்லலாம். மேல்தண்ணீர் சூடு, கீழே மூச்சு இல்லை, கடலுக்குப் போகிற வழியில் மணல். அந்த மீன்கள் எங்கேதான் போயிருக்கும்? பாதியை எண்ணும்போதே எண்ணுவதை நிறுத்திவிட்டேன். முடியவில்லை. படம் எடுத்தேன், சாட்சிக்காகக் கொஞ்சத்தை ஐஸில் வைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் இணையப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. ஆயிரக்கணக்கான இளம் சால்மன்கள் வெற்றிகரமாக விடப்பட்டன, பிள்ளைகள் மகிழ்ச்சி. உறுப்பினர் வாளியோடு சிரித்துக்கொண்டு நின்றார். அலுவலகத்துக்குள் அனுப்பும் படிவத்திலும் "வெற்றி" என்றுதான் இருந்தது. அந்தப் படிவத்தில் எத்தனை விட்டோம் என்பதற்குத்தான் இடம். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்கவே இல்லை. மீன் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டால் எங்கள் வேலை வெற்றி. இத்தனை வருடமும் வெற்றி வெற்றி என்று நாங்கள் எழுதியது அதைத்தான்.

என் படங்களைச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் முகாமையாளர் கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லாமல் கருவியை எடுத்துப் போயிருக்கிறாய். இது உன் வேலை எல்லைக்குள் வராது. நாங்கள் ஒரு குழு."

"குழுவில் யாராவது போய்ப் பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"கேள்வி அது இல்லை."

"எனக்கு அது ஒன்றுதான் கேள்வி."

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. கருவியை எடுத்ததற்காக. மீன்கள் செத்ததற்கு யாருக்கும் கடிதம் போகவில்லை. வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் அதைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "இவங்களுக்கு வெக்கமே இல்லையோ?" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அங்கிள் சும்மா இருக்கவில்லை. தன் தூண்டில் சங்கத்தைக் கூட்டி, தான் எடுத்த படங்களோடு அரசுத் திணைக்களத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டார். கடைசியில் ஆய்வு செய்ய சிட்னியிலிருந்து ஒரு நிபுணரை அனுப்பினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். பொரிப்பகத்தில் எல்லோரோடும் பேசினார். என்னிடம் வந்ததும், "கழிமுகத்து வெப்பநிலையை யாராவது பதிந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "இதை யாரும் உங்களிடம் கேட்கவில்லையா?" என்றார். "சொன்னேன், கேட்கவில்லை" என்றேன்.

அவருடைய அறிக்கையில் நான் மின்னஞ்சலில் எழுதியவை அநேகமாக எல்லாமே இருந்தன. என் எண்களுக்குக் கீழே "பணியாளர் பதிவுகள்" என்று போட்டிருந்தார். அறிக்கை வந்த கிழமையே முகாமையாளர் எங்களைக் கூட்டி, திரையில் "எங்கள் புதிய அணுகுமுறை" என்று காட்டினார். குளிர்காலக் கடைசியில் விடுவது, ஆறு திறந்திருந்தால் மட்டும் விடுவது, தண்ணீருக்குப் பழக்குவது, வலைக்கூடு. தானே இராப்பகலாக இருந்து யோசித்தவர் போல ஒவ்வொன்றாக விளக்கினார். இறுதியில் கேள்வி உண்டா என்றார்.

நான் எழுந்தேன். "படிவத்தில் இன்னொரு கட்டம் வேண்டும். விட்டு ஏழு நாளுக்குப் பிறகு எத்தனை உயிரோடு இருந்தன என்று எழுத. அது இல்லாமல் இனி நான் லொறி எடுக்கமாட்டேன்."

அவர் பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம் என்றால் எப்போது?" என்று கேட்டேன். சிரிக்க யாரும் இல்லாததாலோ என்னவோ, அடுத்த கிழமை என்றார். அடுத்த கிழமை கட்டம் வந்தது.

இந்த வருடம் குளிர்காலக் கடைசியில், ஓகஸ்டில் மீன் விட்டோம். கூடாரம் இல்லை, பிள்ளைகள் இல்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. ஆறு கலங்கி, கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. தொட்டிக்கும் ஆற்றுக்கும் இரண்டு பாகைகூட வித்தியாசமில்லை. அப்படியிருந்தும் இரண்டு மணி நேரம் பழக்கினோம். வலைக்கூட்டில் ஐந்து நாள் வைத்தோம். ஒவ்வொரு காலையும் நான் எண்ணினேன். செத்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கின. ஐந்தாம் நாள் கடல் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் வலையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தினோம். முதலில் அசையவில்லை. பிறகு ஒன்று, பத்து, பிறகு எல்லாமே ஒரு பக்கமாகத் திரும்பிப் போயின. கரையில் குடையோடு நின்ற அங்கிள் மட்டும் கைதட்டினார். ஏழாம் நாள் அவரும் நானும் இரண்டு கரையும் நடந்து பார்த்தோம். செத்த மீன் எதுவும் கிடைக்கவில்லை. கட்டத்தில் அதையே எழுதினேன்.

எல்லோரும் எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டு மணி நேரமும், ஒரு வலையும், வேறு ஒரு மாதமும். இவ்வளவுதான் தேவைப்பட்டது. இதைச் சொல்லி ஐந்து வருடம். ஐந்து வருட மீன்கள். இதைப் போய் நான் எங்கே கொண்டாடுவது?

ஒக்டோபரில் சிட்னியின் பராமற்றாவில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. புதிய முறையைப் பற்றிப் பேச என்னையே அனுப்பினார்கள். நிபுணர் அம்மா என்னைத்தான் கேட்டாராம். புறப்படுமுன் முகாமையாளர் என் படங்களைப் பார்த்தார். "செத்த மீன் படத்தை எடுத்துவிடலாமே. நல்ல கதையாக முடிகிற இடத்தில் இது எதற்கு?" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன். அவர் பாஷையில்.

அதற்குப் பக்கத்தில் வென்ட்வேர்த்வில்லில் தங்கை வீட்டில் தங்கி, காலையில் ரயில் எடுத்துப் போனேன். அந்தப் படத்தைத்தான் முதலாவதாகப் போட்டேன். நாணலும், சேறும், வெள்ளை வயிறுகளும் திரை முழுக்கத் தெரிந்தன. "இந்த நாளை நாங்கள் வெற்றி என்று எழுதினோம்" என்று தொடங்கினேன். "அந்தக் குழாயைத் திறந்தவள் நான்."

பேச்சு முடிந்து தேநீருக்கு நின்றபோது ஒருவர் வந்தார். வேறொரு கரையில் வேறொரு மீன் வளர்க்கும் பொரிப்பகத்துப் பொறுப்பாளர். கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே, தங்களிடமும் கோடையில்தான் விடுகிறார்கள், பல வருடமாக அப்படித்தான் என்றார்.

"அடுத்த நாள் எத்தனை செத்திருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. நாங்கள் போய்ப் பார்த்ததில்லை."

எனக்கு அந்தக் கோப்பையைத் தட்டிவிடலாம் போல இருந்தது. தட்டிவிடவில்லை. அடுத்த விடுகை எப்போது என்று கேட்டேன். ஜனவரியில் என்றார். என் பேனாவை எடுத்து, அவருடைய நிகழ்ச்சிநிரல் தாளின் பின்பக்கத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதினேன். "ஜனவரி வேண்டாம்" என்றேன். "உங்கள் முகாமையாளர் என்ன சொல்கிறார் என்று நாளைக்கே எனக்குச் சொல்லுங்கள்."